பழைய ட்ராஃப் கையேட்டை ப்ரீ டேகுக்குள் கொண்டுவருவது: கையெழுத்துப் போடும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

அச்சுக்கோத்த பழைய தொழில்நுட்பக் கையேடு ஒன்றை வலைப்பக்கமாக்கித் தரச் சொல்லி யாராவது உங்களிடம் வந்தால், விலை பேசும் முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு இதைச் சொல்ல ஆள் கிடைக்கவில்லை. என்னிடம் வந்தது ஓர் அளவுக்கருவியின் கையேடு. உடல் முழுக்க ட்ராஃப் என்ற பழைய யூனிக்ஸ் அச்சுக்கோப்பு நிரலுக்கு எழுதியது, பின்னிணைப்பு மட்டும் டெக்ஸ் என்ற இன்னோர் அச்சுக்கோப்பு நிரலுக்கு. பாதிக்கு மேல் அட்டவணை. மிச்சத்தில் பெரும்பகுதி கட்டளை எடுத்துக்காட்டு. எழுத்து ஓரிடம் தள்ளினாலும் பொருள் மாறிவிடும் உரை என்பதால், வெற்றிடமும் வரிமுறிவும் அடித்தபடியே தெரியும் எச்டிஎம்எல்லின் ப்ரீ டேகுக்குள் வைப்பது என்று முடிவானது. அந்த முடிவில் இன்றைக்கும் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் அதற்குப் போகும் வழியில் வாரக்கணக்கில் நேரம் போனது, பேசிய கூலி கைக்கு வந்தபோது மனம் கசந்தது. போன நேரத்தில் பெரும்பகுதி, எந்த வேலையை எதற்கு முன் செய்ய வேண்டும் என்பதைச் சொல்ல ஒருவர் இருந்திருந்தால் மிஞ்சியிருக்கும்.

முதலில் மூலக்கோப்பு. வேலை கொடுத்த இடத்தில் "பிடிஎஃப் இருக்கே, அதிலிருந்தே எடுத்துக்கோங்க" என்றார்கள். யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். பிடிஎஃபில் இருப்பது எழுத்தும் அது தாளில் உட்காரும் இடமும்தான். வரி, பத்தி, அட்டவணை என்ற எதுவும் பெரும்பாலும் அதில் இல்லை. பிடிஎஃப்டுடெக்ஸ்ட் நிரலை லேஅவுட் ஆப்ஷனோடு ஓட்டினால், அது எழுத்து அகலத்தை ஊகித்து வெற்றிடம் போடும். அச்சில் டைம்ஸ் போன்ற அகலம் மாறும் எழுத்துரு இருக்கும்போது அந்த ஊகம் வரிக்கு வரி ஓரிரு எழுத்து மாறும். அட்டவணையின் மூன்றாவது நெடுவரிசை பாம்பு போல வளையும், அதைக் கையால்தான் நேராக்க வேண்டும்.

டெக்ஸ் பின்னிணைப்பு இதைவிட மோசம். பழைய கம்ப்யூட்டர் மாடர்ன் எழுத்துருவின் குறியாக்கத்தில் எஃப்-ஐ இரண்டும் ஒட்டிய கூட்டெழுத்தின் எண் 12. எஃப்-எல் கூட்டெழுத்து 13. இரட்டை எஃப் 11. ஆஸ்கி என்ற அடிப்படை ஆங்கில எழுத்துக் குறியாக்கத்தில் 12 என்பது பக்கமுறிவு, 13 என்பது வரித்திருப்பம். எழுத்துருவோடு யூனிகோட் அட்டவணை சேர்க்காத பழைய போஸ்ட்ஸ்கிரிப்ட் கோப்பிலிருந்து உரையை எடுத்தால் அந்த எண்கள் அப்படியே வெளியே வரும். பக்கமுறிவைப் பார்த்துக் கோப்பை வெட்டும் ஸ்கிரிப்ட், டிஃபைன் என்ற ஆங்கிலச் சொல்லை நடுவில் வெட்டிப் பாதியை ஒரு பக்கத்திலும் பாதியை அடுத்ததிலும் வைக்கும். தொடக்க இரட்டை மேற்கோளின் இடம் 92. அது பின்சாய்கோடாக மாறி வந்து நிற்கும். இதையெல்லாம் கண்ணால் பார்த்துத் திருத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த இரவுகள் மிகவும் சோர்வானவை. அதற்குப் பிறகுதான் பழைய வட்டு ஒன்றில் ட்ராஃப், டெக்ஸ் மூலக்கோப்புகள் இரண்டுமே இருப்பதைத் தேடி எடுத்துக் கொடுத்தார்கள். அதுவரை செய்ததில் ஒரு வரியும் பயன்படவில்லை.

மூலக்கோப்பு கையில் இருந்தால் வழி திறந்துவிடும். பெல் ஆய்வகத்தில் ஜோ ஒசானா 1970களின் தொடக்கத்தில் எழுதிய ட்ராஃப் இரட்டையில் ஒன்று: ஒளி அச்சுக்கோப்பு எந்திரத்துக்கு ட்ராஃப், டெலிடைப் என்ற தட்டச்சு முனையத்துக்கு என்ராஃப். உள்ளீடு ஒன்றே, வெளியீடு மட்டும் இரண்டு. ஆகவே எழுத்தகலம் மாறாத உரை வடிவம் அந்தக் கோப்புக்குள்ளேயே காத்திருக்கிறது. இன்றைக்கு இதற்கு ஜிராஃப் போதும். ஜேம்ஸ் கிளார்க் 1990இல் வெளியிட்ட இலவச நிரல், லினக்ஸில் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும். கோப்பு வெறும் மேன் பக்கமாக (யூனிக்ஸ் கட்டளையின் உதவிப் பக்கம்) மட்டும் இருந்தால் இவ்வளவு தூரம் வர வேண்டாம், மேண்டாக் நிரலின் எச்டிஎம்எல் வெளியீடே நன்றாக இருக்கும். எம்எஸ் மேக்ரோ என்ற ஆயத்தக் கட்டளைத் தொகுப்பில் எழுதிய பெரிய கையேடுகளுக்குத்தான் நான் சொல்லப்போவது.

ஓட்டும்போது வெளியீட்டுச் சாதனம் எது என்பதை நீங்களே எழுதிவிடுங்கள். என்ராஃப் என்று கூப்பிட்டால் அது கணினியின் மொழி அமைப்பைப் பார்த்து ஆஸ்கியா யுடிஎஃப்-8ஆ என்று தானே தேர்ந்துகொள்ளும். உங்கள் மேசையில் ஒரு மாதிரியும், சர்வரில், குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் க்ரான் வழியாக ஓடும்போது இன்னொரு மாதிரியும் வருவது இதனால்தான். கருவிக் கையேட்டில் ஓம், மைக்ரோ, கூட்டல்-கழித்தல் (±) குறிகள் இருக்கும். அவை ஆஸ்கியில் கிடையாது. அவை விடுபட்டும் போகலாம், வேறு எழுத்துக் கோவையாக விரிந்து நெடுவரிசையைத் தள்ளியும் விடலாம். எண் நின்று அலகு காணாமல் போன கையேட்டை நம்பி ஒருவர் மின்தடையைத் தேர்ந்தெடுத்தால் என்னவாகும் என்று நினைத்துப் பாருங்கள். யுடிஎஃப்-8 எடுத்துக்கொள்ளுங்கள். எச்சரிக்கைச் செய்திகளைத் தனிக் கோப்பில் சேமித்து ஒவ்வொன்றையும் படியுங்கள்.

யுடிஎஃப்-8 எடுத்ததும் வேறொரு தொல்லை வரும். மூலத்தில் சாதாரணமாக அடித்த குறுங்கோடு யூனிகோட் 2010 என்ற அச்சுக் குறுங்கோடாகவும், பின்சாய்கோடு சேர்த்து அடித்தது 2212 என்ற கழித்தல் குறியாகவும் மாறலாம். ஒற்றை மேற்கோள்கள் 2018, 2019 என்ற வளைந்த குறிகளாகும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. படிப்பவர் கட்டளையை நகலெடுத்துத் தன் கணினியில் ஒட்டினால் ஓடாது, ஏன் ஓடவில்லை என்று அவருக்கு விளங்கவும் விளங்காது. கையேட்டுக் கோப்பைத் தொடாமல், முன்னால் சேர்க்கும் ஒரு சின்ன மேக்ரோ கோப்பில், இரண்டு கோடுகளையும் 45ஆம் எழுத்தாகவும், மேற்கோளை 39ஆகவும், பின்மேற்கோளை 96ஆகவும் அச்சிடச் சொல்லுங்கள். டெபியனின் மேன் பக்க அமைப்பிலும் இதே உத்தியைப் பார்க்கலாம்.

அடுத்தது வரி நீளம். இதை சிஎஸ்எஸ்ஸில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட முடியாது. ப்ரீக்குள் போன பிறகு வரி வரிதான். நான் 72 எழுத்து வைத்தேன். இணைய நெறிமுறைகளை வரையறுக்கும் ஆர்எஃப்சி ஆவணங்கள் பல பத்தாண்டுகள் வரிக்கு 72 எழுத்து, பக்கத்துக்கு 58 வரி என்ற அளவில்தான் வந்தன, இன்றும் அவை படிக்க உறுத்துவதில்லை. சொல் முறிப்பதை நிறுத்துங்கள். வலப்பக்க ஓரம் நேராக்குவதையும் நிறுத்துங்கள். எழுத்தகலம் மாறாத உரையில் அது சொற்களுக்கு நடுவே ஓட்டை போடும். சொல் முறிந்தால் தேடலில் அகப்படாது, பின்னால் இணைப்புப் போடும்போதும் பெயர் பொருந்தாது. இதற்கான கட்டளையைக் கோப்பின் தலையில் ஒருமுறை எழுதினால் வேலை நடக்காது, எம்எஸ் மேக்ரோ ஒவ்வொரு பத்தித் தொடக்கத்திலும் சொல் முறிப்பைத் தன் வழக்கத்துக்குத் திருப்பிவிடும். அதற்கென்று எச்ஒய் என்ற எண் மாறி இருக்கிறது, அதில் பூஜ்ஜியம் வையுங்கள்.

என் நேரத்தை மிக அதிகமாகத் தின்றது அங்குலம். பழைய ஆசிரியர்கள் தாவல் (டேப்) நிறுத்தங்களையும் உள்தள்ளலையும் அங்குலத்தில் எழுதுவார்கள். அச்சில், 10 புள்ளி டைம்ஸ் எழுத்துருவில் ஓர் அங்குலத்தில் சராசரியாக 16, 17 எழுத்துகள் அடங்கும். என்ராஃபில் ஓர் அங்குலம் என்றால் சரியாக 10 எழுத்து, அவ்வளவுதான். 1.2 அங்குலத்தில் அடுத்த தாவல் என்று எழுதியிருந்தால் அச்சில் 19, 20 எழுத்துள்ள பெயர்கூட அங்கே உட்காரும். என்ராஃபில் 12 எழுத்தைத் தாண்டியதும் அது அடுத்த தாவலுக்குத் தாவும், அந்த வரியில் மட்டும் எல்லாம் ஒரு நெடுவரிசை வலப்பக்கம் போய்விடும். பெயர் குறுகியதாக இருக்கும் வரிகள் ஒழுங்காக இருப்பதால் மேலோட்டமாகப் பார்த்தால் பிழை தெரியாது. கருவியின் பதிவேடுகளைப் பட்டியலிடும் அட்டவணையில், முகவரி இருக்க வேண்டிய இடத்தில் வேறு மதிப்பு நிற்கும்! மூலக்கோப்பில் அங்குல அளவுகள் அத்தனையையும் தேடி எடுத்து, எழுத்தெண்ணிக்கை அலகான என்னுக்கு மாற்றுவதுதான் வழி. 1.7ஆல் பெருக்கி 10 எழுத்துக் கணக்கில் போட்டால் தொடக்கத்துக்கு ஓர் அளவு கிடைக்கும். அதன்பின் ஒவ்வொரு நெடுவரிசையிலும் மிக நீளமான சொல்லை எண்ணி அதோடு 2 சேர்த்துக்கொள்ளுங்கள்.

அட்டவணைக்கான துணை நிரலான டிபிஎல்லில் எழுதிய அட்டவணைகளில் அங்குலம் இருக்காது, வேறு சிக்கல் உண்டு. 6 அங்குல அச்சு வரியில் 100 எழுத்து இருந்ததை இப்போது 72க்குள் அடைக்க வேண்டும். விளக்கப் பகுதி உரைத்தொகுதியாக எழுதப்பட்டிருந்து, அகலம் சொல்லப்படாமல் இருந்தால், டிபிஎல் வரி நீளத்தை நெடுவரிசை எண்ணிக்கையோடு ஒன்று கூட்டி வகுத்து அகலம் வைக்கும். நான்கு நெடுவரிசை என்றால் 72ஐ 5ஆல் வகுத்து 14 எழுத்து. பதினான்கு எழுத்து அகலத்தில் ஒரு விளக்கப் பத்தி ரயில் டிக்கெட் போல நீண்டு இறங்கும். அகலத்தை நீங்களே கொடுங்கள். என் பதிவேட்டு அட்டவணைகளுக்கு முகவரிக்கு 6, பெயருக்கு 10, தொடக்க மதிப்புக்கு 8, விளக்கத்துக்கு 39 என்று வைத்தேன். கூட்டினால் 63. நெடுவரிசைகளுக்கு நடுவே டிபிஎல் தானாக விடும் இடைவெளி 3 எழுத்து, மூன்று இடைவெளிக்கு 9. சரியாக 72. சட்டம் போட்ட அட்டவணை என்றால் கோடுகளுக்கும் இடம் ஒதுக்கிவிட்டு இந்தக் கணக்கைப் போடுங்கள்.

அச்சில் நிரல் வரிகளுக்கென்று இருந்த கூரியர் போன்ற எழுத்துரு என்ராஃபில் சாதாரண எழுத்தாக மாறிவிடும். பத்தி நடுவே வரும் கட்டளைப் பெயர் எது, வாக்கியச் சொல் எது என்று பிரித்தறிய முடியாது. அந்த எழுத்துருவைத் தடித்த எழுத்துக்கு மாற்றி அனுப்புங்கள். ஒரே வரி மாற்றம்.

மேல்குறியை மட்டும் எந்த நிரலையும் நம்பி விடாதீர்கள். 10⁶ ஹெர்ட்ஸ் என்று அச்சில் இருந்தது உரை வடிவில் 106 ஹெர்ட்ஸ் ஆகிவிடும். எச்சரிக்கையும் வராது, பிழையாகத் தோன்றவும் தோன்றாது. மூலத்தில் மேல்குறிக் கட்டளை வரும் இடங்கள் அனைத்தையும் தேடிப் பட்டியல் எடுத்து, கூரைக் குறி (^) வைத்துக் கையால் எழுதுங்கள். அடுக்குப் பின்னம் உள்ள பெரிய சமன்பாடுகளை ப்ரீக்குள் திணிக்காமல் படமாகத் தனியே வைப்பதே மேல். பிக் என்ற துணை நிரலில் எழுதிய வரைபடங்களுக்கும் அதே வழிதான்.

பக்கத்தலைப்பும் பக்க எண்ணும் வலைப்பக்கத்தில் வேண்டாம். என்ராஃப் 66 வரிக்கு ஒரு பக்கம் போடும். பக்க நீளத்தைப் பல்லாயிரம் வரியாக்கிவிட்டால் முழுக் கையேடும் ஒரே பக்கம். அப்படிச் செய்தால் அடிக்குறிப்புகள் அந்தப் பிரம்மாண்டப் பக்கத்தின் அடியில், ஆயிரக்கணக்கான வெற்று வரிகளுக்கு அப்பால் போய் உட்காரும். வெற்று வரிகளைச் சுருக்க கேட் கட்டளையின் எஸ் ஆப்ஷன் உதவும், ஆனால் எடுத்துக்காட்டுக்குள் வேண்டுமென்றே விட்ட இரட்டை வெற்று வரியையும் அது விழுங்கிவிடும். அடிக்குறிப்பு இல்லாத அத்தியாயங்களில் கோப்பின் கடைசி வரியாக, பக்க நீளத்தை அப்போதைய வரி நிலைக்குச் சமமாக்கும் கட்டளையைச் சேர்த்தால் வால் வெட்டுப்பட்டுவிடும்.

இப்போது எச்டிஎம்எல். என்ராஃபின் பழைய வழக்கப்படி தடித்த எழுத்து என்றால் எழுத்து, பேக்ஸ்பேஸ், மறுபடி அதே எழுத்து. அடிக்கோடு என்றால் கீழ்க்கோடு, பேக்ஸ்பேஸ், எழுத்து. டெலிடைப் தாளில் ஒன்றன்மேல் ஒன்று அடித்த காலத்து முறை. ஜிராஃப் 1.18ஆம் பதிப்பிலிருந்து இதற்குப் பதில் திரை வண்ணக் குறிகளை அனுப்புகிறது. அதை அப்படியே, பேக்ஸ்பேஸ் அடிப்புகளை நீக்க உதவும் சிஓஎல் கட்டளைக்குக் கொடுத்தால் தலைப்புகளின் முன்னும் பின்னும் 1எம், 0எம் என்ற குப்பை ஒட்டிக்கொள்ளும். வெளியீட்டு நிரலுக்கு சின்ன சி ஆப்ஷன் கொடுத்தால் பழைய முறைக்குத் திரும்பும். ஸ்கிரிப்ட் எழுதுவதற்கு அதுதான் எளிது.

வரிசை தவறினால் எல்லாம் பாழாகும் இடம் இதுதான். எச்டிஎம்எல்லில் சிறிது குறி, பெரிது குறி, ஆம்பர்சண்ட் மூன்றையும் மாற்றெழுத்தாக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதை முதலில் செய்தால், தடித்த சிறிது குறி என்னவாகிறது பாருங்கள். அது குறி, பேக்ஸ்பேஸ், குறி என்று இருந்தது. மாற்றிய பின் ஆம்பர்சண்ட்-எல்-டி-அரைப்புள்ளி, பேக்ஸ்பேஸ், மறுபடி ஆம்பர்சண்ட்-எல்-டி-அரைப்புள்ளி. பேக்ஸ்பேஸ் அழிப்பது முன்னால் உள்ள அரைப்புள்ளி ஒன்றைத்தான். திரையில் குறி இரண்டு முறை விழுந்து வரி நீண்டுவிடும். தடித்த எழுத்துக்கு டேக் போட்டுவிட்டுப் பிறகு மாற்றெழுத்தாக்கினால், போட்ட டேகுகளே திரையில் எழுத்தாகத் தெரியும். இரண்டையும் ஒரே ஓட்டத்தில், எழுத்தெழுத்தாகச் செய்யுங்கள்: ஓர் எழுத்தை எடு, பின்னால் பேக்ஸ்பேஸ் இருக்கிறதா பார், பாணி எது என்று முடிவு செய், கடைசியில் நிற்கும் எழுத்தை மட்டும் மாற்றெழுத்தாக்கி எழுது. பாணி மாறும்போது மட்டும் டேக் திற அல்லது மூடு. ஒவ்வோர் எழுத்துக்கும் தனி டேக் போட்டால் ஓர் எழுத்து எட்டு பைட் ஆகும். வரி முடிவில் திறந்திருக்கும் டேகை மூடிவிடுங்கள். வெற்றிடம் இரட்டிப்பாக அடிக்கப்படுவதில்லை. அதனால் இரண்டு சொல் தலைப்பு இரண்டு தடித்த துண்டுகளாக உடையும். இருபுறமும் தடித்த எழுத்து இருந்தால் நடுவில் உள்ள வெற்றிடத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் தலைப்புகளுக்கு ஐடி கொடுக்கும் அடுத்த ஸ்கிரிப்ட் தடுமாறும். கீழ்க்கோட்டின் மேல் கீழ்க்கோடு வந்தால் அது தடித்ததா அடிக்கோடிட்டதா என்று எந்த நிரலாலும் சொல்ல முடியாது. பக்கத்து எழுத்தின் பாணியைக் கொடுத்துவிடுங்கள். இணைப்புகள் எல்லாவற்றுக்கும் கடைசி.

ப்ரீ டேகைத் திறந்தவுடன் வரும் முதல் வரிமுறிவை உலாவி விழுங்கிவிடும். மேலே ஒரு வெற்று வரி வேண்டுமென்றால் இரண்டு விடுங்கள். வெளியீட்டில் டேப் எழுத்து ஒன்றுகூட இருக்கக்கூடாது. சிஓஎல் கட்டளை தானாகவே வெற்றிடங்களை டேபாக மாற்றும், எக்ஸ் ஆப்ஷன் கொடுத்தால் மாற்றாது. கைபேசியில் எப்படித் தெரியும் என்பதையும் முன்கூட்டியே கணக்குப் போட்டு வேலை கொடுத்தவரிடம் சொல்லிவிடுங்கள். எழுத்தகலம் மாறாத எழுத்துருவில் ஓர் எழுத்தின் அகலம் சுமார் 0.6 எம் (ஓர் எம் என்பது எழுத்தளவு). 72 எழுத்து என்றால் 43.2 எம். 360 பிக்சல் அகலத் திரையில் இது முழுக்கத் தெரிய எழுத்தளவு 8.3 பிக்சலாக வேண்டும். யாராலும் படிக்க முடியாது. அதனால் ப்ரீக்குக் கிடைமட்ட உருட்டலை அனுமதியுங்கள். வரியை மடிக்கும் ப்ரீ-ரேப் போட்டால் அட்டவணை சிதறிவிடும். வெறும் விளக்கப் பத்திகளை ப்ரீக்கு வெளியே சாதாரணப் பத்தியாக எடுத்துவிட்டால் கைபேசிக்காரர்கள் நன்றி சொல்வார்கள்.

இந்த அட்டவணைகளுக்குள் தமிழ் விளக்கம் சேர்க்கச் சொல்லிக் கேட்டால் மறுத்துவிடுங்கள். 'கோ' என்பது யூனிகோடில் இரண்டு குறி, கண்ணுக்கு ஓர் எழுத்து, அகலமோ ஆங்கில எழுத்தின் கட்டத்துக்குள் அடங்காது. வெற்றிடத்தை எண்ணி நிரப்பும் எந்த முறையும் அங்கே செல்லாது. தமிழ் வேண்டிய அட்டவணையை உண்மையான எச்டிஎம்எல் அட்டவணையாகவே எழுத வேண்டும்.

கூலியை ஒருபோதும் பக்கக் கணக்கில் பேசாதீர்கள். உரை மட்டும் உள்ள பக்கம் நிமிடத்தில் முடியும், ஐந்து நெடுவரிசை அட்டவணை ஒன்று அரைநாளைச் சாப்பிடும். அட்டவணை எத்தனை, சமன்பாடு எத்தனை, படம் எத்தனை என்று மூலக்கோப்பில் எண்ணி, அதற்குத் தனித்தனி விலை சொல்லுங்கள். அட்டவணைத் தொடக்கக் கட்டளையைத் தேடல் கட்டளையான கிரெப் எண்ணிக் கொடுத்துவிடும். மூலக்கோப்பு வந்து சேரும் நாளிலிருந்துதான் கெடு ஓடும் என்றும் எழுதி வாங்குங்கள்.

முடித்த பிறகு சரிபார்க்க, முழுக் கையேட்டையும் கண்ணால் படிக்கத் தேவையில்லை. முடித்த எச்டிஎம்எல்லிலிருந்து ப்ரீயின் உள்ளடக்கத்தை எடுத்து, டேகுகளை நீக்கி, மாற்றெழுத்துகளைத் திருப்பி, அதை என்ராஃப் வெளியீட்டின் சிஓஎல் வழி வந்த உரையோடு டிஃப் கட்டளையால் ஒப்பிடுங்கள். ஒரு வரி வித்தியாசமும் வரக்கூடாது. வந்தால் பெரும்பாலும் பேக்ஸ்பேஸ் இடத்திலோ டேப் இடத்திலோதான் இருக்கும். அதன்பின் 72 எழுத்தைத் தாண்டிய வரிகளைத் தனியே பட்டியல் எடுத்துப் பாருங்கள். அங்குலத்தை மாற்ற விட்டுப்போன இடங்களில் வரியைத் தாண்டியவை அந்தப் பட்டியலில் அகப்படும். வரிக்குள்ளேயே நெடுவரிசை தாவியவை அகப்படாது; அவற்றுக்கு மட்டும் அச்சுப் பிரதியைப் பக்கத்தில் வைத்து, தாவல் போட்ட அட்டவணைகளின் மிக நீளமான பெயர் உள்ள வரியை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பாருங்கள்.